கம்போங் மதராஸ்: ஊர்ப்பெயர் இருக்கிறது, மொழி எங்கே?

சுமாத்திராத் தீவின் வடகீழ்ப் பகுதியில், மலாக்கா நீரிணையை நோக்கியவாறு அமைந்துள்ளது மேடான் நகரம். 2020ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 24 இலட்சம் மக்கள் வாழும் இந்நகரம் இந்தோனேசியாவின் பெருநகரங்களுள் ஒன்று. டெலி, பாபுரா என்னும் இரு ஆறுகள் கூடுமிடத்தில் வளர்ந்த ஊர் இது. இதன் துறைமுகம் சற்றுத் தொலைவில் பெலவானில் உள்ளது. எமது வாசகர்களுட் சிலருக்கு மேடான் என்னும் பெயர் புதிதன்று. கடல் வழியாக அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டு இடைவழியில் அகப்பட்டுக்கொண்ட எம்மவர் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த ஊர்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் அந்நகரின் நடுவே தமிழரின் பெயரால் வழங்கும் குடியிருப்பு ஒன்று உண்டு என்பதையும், அது நூற்றைம்பது ஆண்டுகளை அண்மித்த வரலாறு உடையது என்பதையும் அறிந்தோர் எம்மிடையே மிகக் குறைவு.

கம்போங் மதராஸ் என்பது அக்குடியிருப்பின் பெயர். மலாய் மொழியிற் கம்போங் என்றால் கிராமம் அல்லது குடியிருப்பு என்று பொருள். சைனுல் அரிபின் வீதியும் தெக்கு உமர் வீதியும் சந்திக்கும் சுற்றுவட்டாரமே அதன் மையம். சந்தியருகே நிறங்கள் பூசிய கோபுரத்தோடு சிறீ மாரியம்மன் ஆலயம் நிற்கிறது. அதனருகே வானளாவ எழுந்துள்ளது சன் பிளாசா என்னும் பெரும் வணிக வளாகம். சற்று நடந்தாற் பகாருயுங் வீதி. மாலை சாய்ந்ததும் அங்கு உணவுக் கடைகள் களைகட்டுகின்றன. ரொட்டியும் மர்த்தபாக்கும் ஆட்டிறைச்சிக் கறியும் அங்கே பெயர்போனவை. மாநகர நிர்வாகம் இவ்விடத்தை "லிட்டில் இந்தியா" என்று பெயரிட்டு உல்லாசப் பயணிகளுக்குக் காட்டி வருகிறது. ஆனால் அந்தக் கடைகளின் உரிமையாளர்களுட் பெரும்பாலானோர் இன்று சீனர். தமிழ்க் குடும்பங்களிற் பெரும்பகுதி நகரின் பிற பாகங்களுக்குப் பெயர்ந்துவிட்டது. வெளியூரார் "இந்தியர் வாழும் இடம்" என்று பார்க்க வரும் தெருக்களில் இந்தியரைத் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது.

புகையிலை கொண்டுவந்த குடிகள்

1863ஆம் ஆண்டில் யாக்கோபுஸ் நீன்ஹெய்ஸ் என்னும் ஒல்லாந்த வணிகர் டெலி சுல்தானின் நாட்டில் வந்திறங்கிப் புகையிலை பயிரிட்டார். சுருட்டின் மேலுறையாகச் சுற்றுவதற்கு டெலி மண்ணில் விளைந்த இலையைப் போல் வேறில்லை என அம்ஸ்ரர்டாம் சந்தை கண்டுகொண்டது. 1869இல் டெலிக் கம்பனி நிறுவப்பட்டது. அதன் பின்னர் காடுகள் வெட்டப்பட்டன, தோட்டங்கள் பெருகின, ஆளில்லா நிலத்துக்கு ஆட்கள் வேண்டியிருந்தனர். புகையிலைச் செடியைப் பேணும் வேலைக்குப் பினாங்கிலிருந்தும் சீனாவிலிருந்தும் சீனர் வந்தனர். பின்னாளில் யாவா மக்கள் பெருந்தொகையாக வந்தனர். தமிழருக்குக் கிடைத்தவை வேறு வேலைகள்: வீதி போடுதல், வாய்க்கால் வெட்டுதல், மாட்டு வண்டி ஓட்டுதல். காவல் வேலைக்கும் பாற்பண்ணைக்கும் சீக்கியர் வந்தனர். வட்டிக்குப் பணம் கொடுக்க நாட்டுக்கோட்டை நகரத்தார் வந்தனர். சிறு வியாபாரத்துக்குத் தமிழ் முஸ்லிம்கள் வந்தனர்.

மலாயாவில் இலட்சக்கணக்கில் தமிழர் சேர்ந்திருக்க, எதிர்க்கரையிலுள்ள சுமாத்திராவில் மட்டும் ஏன் சில ஆயிரம் பேரோடு நின்றது என்ற வினா எழலாம். காரணம் பிரித்தானிய இந்திய அரசு. டெலித் தோட்டக்காரர் தமிழ்நாட்டிலிருந்து நேரடியாக ஆட்களைத் திரட்ட அனுமதி கேட்டனர், அது கிடைக்கவில்லை. ஒல்லாந்தரின் மற்றொரு குடியேற்ற நாடான சூரிநாமுக்கு 1870ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியத் தொழிலாளரை அனுப்பிய அதே அரசு டெலி விடயத்தில் இறங்கி வரவில்லை. டெலித் தோட்டங்களில் தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் பெயர் கெட்டதாயிருந்தது. 1880ஆம் ஆண்டின் கூலிச் சட்டம், ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையிலிட வழி செய்தது. 1902இல் மேடான் வழக்கறிஞர் வான் டென் பிராண்ட் எழுதிய சிறு நூலொன்று அங்கு நடந்த கொடுமைகளை ஒல்லாந்து நாட்டு மக்களுக்கு வெளிப்படுத்திய பின்னரே விசாரணைகள் தொடங்கின. இவ்வாறு நேர்வழி அடைபட்டதால், டெலிக்கு வந்த தமிழர் பெரும்பாலும் பினாங்கு வழியாகச் சிறு சிறு குழுக்களாக வந்தவர்கள். மொழியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது இந்தச் சிறு தொகை முக்கியமாகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

பாபுரா ஆற்றங்கரையில் இவர்களுக்கென ஓரிடம் அமைந்தது. முதலில் அதன் பெயர் கம்போங் கெலிங். கலிங்கம் என்னும் பழம் நாட்டுப் பெயரிலிருந்து பிறந்து, தென்னிந்தியர் அனைவரையும் குறிக்க மலாய் உலகில் வழங்கிய சொல் கெலிங். ஆதியில் அதிற் குற்றமில்லை. காலப்போக்கில் அது ஏளனச் சொல்லாயிற்று. கூலி வேலை செய்தவனை அழைக்கும் சொல்லுக்கு வேறு கதி எப்படி வரும்? எனவே ஊர்ப் பெயர் கம்போங் மதராஸ் என மாற்றப்பட்டது; பக்கத்து நிர்வாகப் பிரிவொன்றுக்கும் மதராஸ் ஊலு என்றே பெயர். இதிலொரு வேடிக்கை உண்டு. 1996இல் தமிழ்நாட்டுத் தலைநகர் மதராஸ் என்னும் பெயரைக் களைந்து சென்னை ஆயிற்று. கடல் கடந்த மேடானில் அப்பெயர் இன்றும் தெருப்பலகையில் இருக்கிறது. பழக்கத்தில் மூத்த மக்கள் வாயிற் கம்போங் கெலிங் என்பதே இன்னும் வருகிறதாம்.

கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும்

மாரியம்மன் ஆலயம் 1884ஆம் ஆண்டில் எழுந்தது. மேடானின் மிகப் பழைய இந்து ஆலயம் அதுவே. தோட்டத் தொழிலாளரின் தெய்வம் மாரியம்மனாக இருந்ததில் வியப்பில்லை. அம்மை நோயும் காய்ச்சலும் மலிந்த புது நிலத்தில், மழையும் நோயும் யார் கையில் உள்ளனவோ அவளைத்தானே முதலில் அழைப்பார்கள்? மலையகத் தோட்டங்களிலும் மலாயாத் தோட்டங்களிலும் நாம் காண்பது இதையே. நகரத்தாரோ தாம் சென்ற இடமெல்லாம் செய்ததுபோல் மேடானிலும் முருகனுக்குத் தனியாகக் கோயில் எடுத்தனர்.

மாரியம்மன் ஆலயத்திலிருந்து சிறிது தூரத்தில், சைனுல் அரிபின் வீதியில், கௌதியா பள்ளிவாசல் உள்ளது. தென்னிந்திய முஸ்லிம்கள் 1887இல் அதனை அமைத்தனர். மூன்றே ஆண்டு இடைவெளியில், கூப்பிடு தூரத்தில், ஒரே மொழி பேசிய இரு சமயத்தார் தத்தம் வழிபாட்டிடங்களை எழுப்பியிருக்கின்றனர். ஈழத்தில் எம் தலைமுறையில் நடந்தவற்றைக் கண்ட பின்னர் இதனை எழுதுகையில் எமக்குச் சற்று மனம் கனக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்கு அயலில் அந்தோனியார் தேவாலயம் உண்டு. சாதிக் கொடுமையால் ஆலயத்தில் உரிய இடம் கிட்டாமற் பௌத்தம் தழுவிய தமிழ்க் குடும்பங்களும் மேடானில் இருக்கின்றன. கடல் கடந்தாலும் சாதி தோளில் ஏறியே வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நகரின் ஓரத்தில், தஞ்சோங் செலாமாட் என்னுமிடத்தில், 2005ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற யேசு சபைத் துறவி யேம்ஸ் பாரதபுத்ரா அடிகளாரின் உழைப்பில் எழுந்தது அது. வெளியிலிருந்து பார்ப்பவர் கோயிலா, பள்ளிவாசலா, தேவாலயமா என்று ஐயுறும்படி ஏழடுக்குக் கோபுரத்தோடு அமைந்திருக்கிறது. நாகபட்டினக் கரை மாதாவை நாடிப் பட்டாக்கு மக்களும் சீனரும் யாவா மக்களும் அங்கே வருகின்றனர். வேளாங்கண்ணி என்ற பெயரைச் சொல்லும் அவர்களுட் பலருக்கு அது தமிழ்நாட்டு ஊர்ப்பெயர் என்பது தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

ஆக, தெய்வங்கள் நிலைத்துவிட்டன. தீபாவளி நடக்கிறது, திருவிழா நடக்கிறது, தேங்காய் உடைகிறது. மொழியின் நிலையோ வேறு. முதியோர் தமிழ் பேசுகின்றனர். நடுவயதினருட் பலர் விளங்கிக்கொள்கின்றனர். பிள்ளைகளுட் பலருக்கு இந்தோனேசிய மொழியே தாய்மொழி போல் ஆகிவிட்டது. தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரிந்தோர் இளையோரிடையே அரிது.

யாரும் தடை செய்யாமலே

இதற்கு ஒரு கொடுங்கோலனையோ ஒரு கலவரத்தையோ காரணமாகக் காட்ட முடியவில்லை என்பதுதான் எம்மைச் சிந்திக்க வைக்கிறது. 1942இல் யப்பானியர் வந்தனர். 1945 ஓகஸ்ட் 17இல் இந்தோனேசியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. ஒல்லாந்தர் 1949 இறுதியில் அதனை ஏற்றுக்கொண்டனர். அப்போது அங்கிருந்த இந்தியர் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று தீர்மானிக்க வேண்டியதாயிற்று. வசதி படைத்தோர் பலர் தாயகம் திரும்பினர்; நகரத்தாரின் வட்டித் தொழில் ஒடுங்கியது. எஞ்சினோர் வண்டிக்காரரின் பிள்ளைகள், தோட்டக்காரரின் பிள்ளைகள். ஊர் திரும்பக் கப்பற் காசில்லாதவர்கள்தாம் மொழியைச் சுமக்கும் பொறுப்புக்கு உரியவர்களாயினர்.

புதிய நாட்டில் ஒரே தேசிய மொழி என்ற கொள்கை உறுதியாயிருந்தது. பாடசாலை அம்மொழியில், அலுவலகம் அம்மொழியில், சந்தையும் அம்மொழியில். சுகார்த்தோ ஆட்சிக் காலத்தில் ஒவ்வொருவரும் அரசு ஏற்ற சமயமொன்றைச் சேர்ந்தவராகப் பதியப்பட வேண்டியிருந்தது. இந்து சமயம் என்ற தலைப்பின் கீழ் அரசு கண்டது பாலித் தீவின் வழிபாட்டு முறையை. மேடான் தமிழர் அந்த அமைப்பின் குடையின் கீழ் நிற்க நேர்ந்தது. காவடியும் அலகு குத்துதலும் நாகரிகமற்றவை எனக் கருதப்பட்ட காலமொன்று அங்கே இருந்தது. குடிசனக் கணக்கெடுப்பிலோ 1930க்குப் பின்னர் 2000ஆம் ஆண்டுவரை எந்த இனத்தவர் என்ற கேள்வியே கேட்கப்படவில்லை. எழுபது ஆண்டுகள் தமிழர் என்ற பெயரில் எவரும் எண்ணப்படாத நாட்டில், எத்தனை பேருக்குத் தமிழ் தெரியும் என்று கவலைப்பட யாருக்கும் அலுவலில்லை.

இதனோடு காணி விலையும் சேர்ந்துகொண்டது. நகரம் வளர வளர, ஆற்றோரக் குடிசைகள் இருந்த நிலம் நகர மையமாகிவிட்டது. நல்ல விலை வந்தபோது விற்றார்கள். அதிற் குற்றம் காண எமக்கு மனமில்லை. பிள்ளைக்குக் கல்வி, பெண்ணுக்குச் சீதனம், கடனுக்கு வட்டி என்று எல்லா வீட்டிலும் ஒரு காரணம் இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு வீடு விற்கும்போதும் பக்கத்து வீட்டுக்கு ஒரு தமிழ் வாய் குறைந்தது. திண்ணையிற் கதைக்க ஆளில்லாத மொழி அடுக்களைக்குள் ஒதுங்கும். அங்கிருந்து பூசை அறைக்குள் ஒதுங்கும். விற்க வழியில்லாத வறியோர் தங்கிய ஆற்றோரப் பகுதியொன்று போதைப்பொருளால் ஊர் முழுதும் பெயர் கெட்டு, பொலிசார் முற்றுகையிட்ட பின், 2010களின் நடுப்பகுதியிற் "செழிப்பான குடியிருப்பு" எனப் பொருள்படும் புதுப் பெயர் பெற்றது. பெயர் மாற்றுவது மேடான் நிர்வாகத்துக்குக் கைவந்த கலை போலும்.

இப்போது நீரிணையின் எதிர்க்கரையைப் பார்ப்போம். மேடானிலிருந்து பினாங்குக்கு விமானத்தில் ஒரு மணி நேரமும் ஆகாது. இரு கரைக்கும் சென்ற தமிழர் ஒரே மாவட்டத்தார், ஒரே வேலையார், ஒரே மாரியம்மனை வணங்கியோர். பினாங்கு ஃபிறீ ஸ்கூல் பாடசாலையில் 1816ஆம் ஆண்டிலேயே தமிழ் வகுப்பு நடந்தது. 1923ஆம் ஆண்டின் மலாயாத் தொழிற்சட்டம், பாடசாலை செல்லும் வயதில் ஓரினத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பாடசாலை வைக்க வேண்டும் என விதித்தது. அப்பாடசாலைகள் பல ஆட்டுக் கொட்டிலை விடச் சிறிதளவே மேலானவையாக இருந்தன என்பதும், கங்காணியோ கிளாக்கரோ பகுதி நேர வாத்தியாராக நின்றார் என்பதும் வேறு கதை. ஆயினும் அரிச்சுவடி நடந்தது. சிங்கப்பூரில் 1935இற் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கியபோது அதனை வாசிக்க ஆட்கள் இருந்தனர். இன்று மலேசியாவில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பாடசாலைகள் இயங்குகின்றன. டெலியில் அப்படியொரு சட்டம் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கவில்லை. பத்திரிகை நடத்தத் தொகையும் போதவில்லை. இரு கரைக்கும் இடையில் தமிழ்ப் பற்றிற் கூடுதல் குறைவு இருந்ததென நாம் நம்பவில்லை. ஒரு கரையிற் பாடசாலை இருந்தது. மறு கரையிற் கோயில் மட்டும் இருந்தது.

முன்னொரு முறையும் நடந்தது

இத்தீவில் தமிழ் மறைவது இது முதற் தடவையன்று. சுமாத்திராவின் மேற்குக் கரையிற் பாரூஸ் என்னும் பழைய கற்பூரத் துறைமுகத்துக்கு அருகே, லோபு தூவா என்ற இடத்தில், 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்தது. பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் அதனை 1932இல் ஆராய்ந்து வெளியிட்டார். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கு கூடி, வந்து சேரும் மரக்கலத்தார் செலுத்த வேண்டிய பொன்னை விதித்தமையை அது கூறுகிறது. மேடானுக்கு அண்மையிலேயே கோத்தா சீனா என்னுமிடத்தில் தென்னிந்தியப் பாணியில் அமைந்த புத்தர், விட்டுணு சிலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அன்று வந்தவர் கூலிகளல்லர். தமக்கெனப் படையும் சட்டமும் வைத்திருந்த வணிகர். அவர்களுடைய மொழியும் தங்கவில்லை.

தங்கியவை குலப்பெயர்கள். மேடானுக்குத் தெற்கே மலைப்பாங்கில் வாழும் காரோ பட்டாக்கு மக்களிடையே செம்பிரிங் என்றொரு குலம் உண்டு. கறுத்தவர் என்று பொருள். அதன் உட்பிரிவுகளின் பெயர்கள் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா. சோழர், பாண்டியர், பல்லவர், மலையாளத்தார் என்று விளக்கம் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்னொன்று: மேடான் நகரை 1590இல் நிறுவியவர் எனப் போற்றப்பட்டு, யூலை முதலாந் திகதி நகரின் பிறந்த நாளாகக் கொண்டாடப்படுவதற்குக் காரணமானவர் குரு பாத்திம்புஸ் செம்பிரிங் பெலாவி. அவர் தம்மைக் காரோ மகனாகவே அறிந்திருப்பார். காஞ்சிபுரம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்தோனேசிய மொழியிலும் எம் சொற்கள் சிந்திக் கிடக்கின்றன. கப்பல் அங்கே காப்பால், கடை கெடாய், கிடங்கு கூடாங், பெட்டி பெத்தி, அப்பம் ஆப்பாம், வியாபாரத்தில் இடும் முதல் மொடால். கூலி மட்டும் கூலியாகவே இருக்கிறது. முதல் என்ற சொல்லைக் கொண்டுசென்றவர் யார், கூலி என்ற சொல்லைக் கொண்டுசென்றவர் யார் என்று மாணவரைக் கேட்டால் விடை உடனே வரும்.

புதிதாய் வந்த தமிழ்

விந்தை என்னவெனில், அண்மைக் காலத்தில் மேடானிற் சரளமாகத் தமிழ் பேசி வந்த குடும்பங்களுள் எமது அகதிகளின் குடும்பங்களும் அடங்கும். 2009 ஒக்டோபரில் ஏறத்தாழ 250 ஈழத் தமிழரோடு சென்ற யாயா லெஸ்தாரி என்ற கப்பலை இந்தோனேசியக் கடற்படை மறித்து யாவாவின் மேராக் துறைமுகத்துக்குக் கொண்டுசென்றமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். கீழிறங்க மறுத்து 2010 ஏப்ரல்வரை ஆறு மாதம் கப்பலிலேயே இருந்தார்கள். 2016 யூனில் 44 பேரோடு சென்ற படகொன்று ஆச்சே மாநிலத்தின் லோக்ங்கா கரையில் ஒதுங்கியபோது, கரையில் இறங்கிய பெண்களை அச்சுறுத்த அதிகாரிகள் வானை நோக்கிச் சுட்டனர். இந்தோனேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் ஒப்பமிடாத நாடு. 2016ஆம் ஆண்டின் 125ஆம் இலக்கச் சனாதிபதி ஒழுங்குவிதி அகதிகளைக் கையாளும் முறையை வகுத்ததேயன்றி, உழைத்துண்ணும் உரிமையை வழங்கவில்லை. 2014 யூலை முதலாந் திகதிக்குப் பின்னர் அங்குள்ள ஐ.நா. அகதிகள் அலுவலகத்திற் பதிந்தோரை ஏற்பதில்லை என்று அவுஸ்திரேலியா கதவடைத்தது. வேலை செய்ய முடியாது, போக நாடில்லை, திரும்ப வழியில்லை.

அவர்களது பிள்ளைகள் வீட்டிலே தமிழும் தெருவிலே இந்தோனேசிய மொழியும் பேசி வளர்கிறார்கள். கோயிலில் நான்காம் ஐந்தாம் தலைமுறைத் தமிழரைச் சந்திக்கிறார்கள். இரு பகுதியாரும் முகத்தாலும் பெயராலும் ஒருவரையொருவர் அறிந்துகொள்கின்றனர். இளையோரிடையே கதைக்கத் தொடங்கினால் பெரும்பாலும் கைகொடுப்பது இந்தோனேசிய மொழிதான்.

இலண்டனிலிருந்து பார்க்கையில்

ஈஸ்ற் ஹாம் ஹை ஸ்றீற்றிலும், ரூற்றிங்கிலும், வெம்பிளியிலும் எம்மவர் கடை வைத்திருக்கும் தெருக்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டு வயதுடையவை. முருங்கைக்காயும் இடியப்ப மாவும் நகைக்கடையும் நிறைந்த அத்தெருக்களைப் பார்ப்பவர், இந்த மொழிக்கா அழிவு என்று கேட்பர். மேடானின் கடைத்தெருவும் நாற்பதாம் ஆண்டில் அவ்வாறே இருந்திருக்கும். ஹைகேற்றில் முருகனும் விம்பிள்டனிற் பிள்ளையாரும் ஈலிங்கிற் கனகதுர்க்கை அம்மனும் எழுந்தருளியிருக்கின்றனர்; அங்கே தேரோடும் நாளில் வீதி கொள்ளாத சனம். ஆனால் தேருக்குப் பின்னால் வரும் பதின்ம வயதினர் தமக்குள் எம்மொழியிற் பேசுகின்றனர் என்பதைக் காது கொடுத்தவர் அறிவார். வீட்டு விலை தாங்காமற் குடும்பங்கள் ஈஸ்ற் ஹாமை விட்டு எசெக்ஸ் பக்கம் நகர்கின்றன. விற்பவரையும் நகர்பவரையும் நாம் குறை சொல்லவில்லை, மேடானிலும் சொல்லவில்லை.

2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலும் தமிழே தமது முதன்மை மொழி என எழுதியோர் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். அப்படிவத்தில் இனம் பற்றிய கேள்விக்குத் தமிழர் என்று தனிக் கட்டம் கிடையாது. வேறு ஆசியப் பின்னணி என்ற இடத்திற் கையால் எழுத வேண்டும். எழுதாமல் விட்டவர்களும் உளர். இங்கு பிறந்த பிள்ளைக்கு முதன்மை மொழி ஆங்கிலம் என்று எழுதிய பெற்றாரும் உளர். பிந்தியது பொய்யுமன்று. ஆனால் உள்ளூராட்சி மன்றம் நூலகத்துக்கு எம்மொழி நூல் வாங்குவது, எம்மொழியில் மருத்துவ அறிவித்தல் அச்சிடுவது என்று தீர்மானிப்பது அந்தக் கணக்கைப் பார்த்தே. எண்ணப்படாதவர்களுக்கு நேர்வதை மேடான் காட்டிவிட்டது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் எம் போன்றோர் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. ஐந்து வயதில் அ, ஆ எழுதத் தொடங்கும் வகுப்பு நிரம்பி வழியும். எட்டு வயதிற் பாதி. பத்து வயதில், உயர்தரப் பாடசாலை அனுமதிப் பரீட்சைக்குப் பயிற்சி வகுப்பு என்று சொல்லிப் பெற்றார் பிள்ளையை நிறுத்துவார்கள். பரீட்சை முடிந்த பின்னர் அனுப்புவோம் என்பார்கள். திரும்பி வந்த பிள்ளைகளை ஒரு கை விரல்களில் எண்ணலாம். எஞ்சிய ஏழெட்டுப் பேரை வைத்து, வாடகை மண்டபத்தில் இரண்டரை மணி நேரம் வாசிப்பும் சொல்வதெழுதலும் நடக்கின்றன. மண்டபத்து வாடகை ஏறியிருப்பதால் வரும் தவணையிலிருந்து இரண்டு மணி நேரம்தான் என்று பாடசாலைகள் சில இப்போது பெற்றாருக்கு அறிவித்திருக்கின்றன.